மாமனாருக்கு வார்த்த சாலட்

ஒரு கைத்தொழில் நன்றாகக் கைவந்துவிட்டால் மனிதனுக்கு ஒரு கெட்ட நம்பிக்கையும் கூடவே வந்துவிடும். உலகத்தில் உள்ள எல்லா வேலையும் தன் வேலை மாதிரிதான் என்று தோன்றும். தையல்காரர் தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்வார். கொத்தனார் பிள்ளைக்குக் காது குத்தப் போவார். நான் பீங்கான் பட்டறையில் பொம்மை வார்க்கிறவன். நான் சாலட் செய்தேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறை. அரைத்த மண்ணைத் தண்ணீரில் தோசை மாவு பதத்துக்குக் கரைத்து, பாரிஸ் சாந்தில் செய்த அச்சுக்குள் ஊற்றுவோம். அந்த அச்சை நாங்கள் மோல்டு என்போம். மோல்டு காய்ந்த ரொட்டி மாதிரி, ஈரத்தைக் கண்டால் விடாது. தண்ணீரை அது உறிஞ்ச உறிஞ்ச, மண் கெட்டிப்படும். பிரித்து எடுத்தால் பொம்மை. அவ்வளவுதான் தொழில்.

எனக்குப் பொருத்தமான தொழில். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டதற்குப் படிப்பு வராதது காரணம் இல்லை. ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போகவேண்டும். அங்கே புது வாத்தியார் எழுப்பி நிறுத்திப் பேர் கேட்பார். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பதில் சொல்லவேண்டும். பொம்மைகள் யாரிடமும் பேர் கேட்பதில்லை.

இது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது. எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். தேடிக்கொண்டிருந்தார்கள் என்றால் என் அப்பாவும் ஒரு தரகரும். அம்மா இல்லை. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அப்பா மார்க்கெட் கமிட்டியில் பயறு, உளுந்து மூட்டைகளை எடை போடுபவர். எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

பெண்ணாடத்தில் ஒரு பெண் இருப்பதாகச் சொல்லிப் பார்க்கப் போனோம். பேர் மல்லிகா. அப்பா அங்கே அவர்கள் வீட்டு மாமரத்திலிருந்து மழை வரைக்கும் பேசினார். நான் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண் வந்தாள். கால் விரல்களும் கொலுசும் தெரிந்தன. எனக்கு முன்னால் காபி வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். நல்ல வெள்ளைப் பீங்கான் கப். அதன் விளிம்பில் பளபளப்புப் பூச்சு லேசாகச் சுருங்கியிருந்தது. எந்தப் பட்டறைச் சரக்கு என்று பார்க்கவேண்டுமானால் அடியில் முத்திரை இருக்கும். தொழில் பழக்கம், கை தானாகப் போயிற்று. கப்பைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தேன்.

உள்ளே காபி இருந்தது.

சூடு தொடையில் இறங்கியது. கத்தினால் எல்லாரும் பார்ப்பார்களே என்று நான் கத்தவில்லை. ஆனால் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்போது கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கேலிச் சிரிப்பு இல்லை. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல், வாயைப் பொத்திய கையையும் தாண்டி வந்த சிரிப்பு. முகத்தைப் பார்க்காமலேயே அந்தச் சிரிப்புக்கு நான் சம்மதம் சொல்லிவிட்டேன். (மனசுக்குள்ளதான். வெளியில எங்க சொன்னன்.)

நாலைந்து நாள் கழித்துத் தரகர் வந்தார்.

“பொண்ணுக்கு இஷ்டந்தான். அதோட அப்பாவும் சரின்னுதான் சொல்றாரு. அவரு தங்கச்சி ஒண்ணு இருக்குது பாருங்க, பொண்ணோட அத்தகாரி, அதுதான் இழுத்துப் புடிக்குது.”

“என்னாவாம்?” என்றார் அப்பா.

“மாப்ள ஒரு வார்த்த பேசலியே, ஊமையான்னு கேக்குது. அப்புறம், ரெண்டு ஆம்பளைங்க மட்டும் இருக்குற வூடு, எங்கண்ணன் மவ உள்ள காலடி வச்ச அன்னியிலேருந்து அடுப்புலயே வேவணுமா, அதுக்கு ஒரு ஒத்தாச உண்டான்னு கேக்குது. ஞாயித்துக்கெழம வூடு பாக்க வராங்க. அன்னிக்கே ஆமா இல்லன்னு சொல்லிடுவாங்க.”

“வரட்டுமே. கேசரி, பஜ்ஜின்னு ஜமாய்ச்சிடுவோம்.”

“ஐயோ, அதான் கூடாது. பொண்ணோட அப்பாவுக்குச் சக்கர. சக்கர ஆலையில வேல பாக்குறாரு, சக்கரயத் தொட முடியாது. எண்ணெயும் ஆவாதுன்னுட்டாரு டாக்டரு. மெட்ராஸ்ல மவன் வூட்டுக்குப் போனப்ப சாலட்டுன்னு ஒண்ணு குடுத்தாங்களாம். இன்னமும் அதப் பத்தியே பேசுறாரு. ஒண்ணும் இல்ல, பயத்த அவிச்சு, வெள்ளரிக்கா, தக்காளி, கேரட்டு, வெங்காயம் பொடியா அரிஞ்சு போட்டு, கொத்தமல்லி புதினா கிள்ளிப் போட்டு, எலுமிச்சம்பழம் புழிஞ்சு கலக்கிக் குடுத்தா முடிஞ்சுது.”

அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. “வேவாத காயத் தின்னவா பெண்ணாடத்துலேருந்து பஸ்ஸு ஏறி வராரு?”

பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டியது. “நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க பெரியப்பா. நான் செஞ்சி குடுத்துடறன். யாரு கண்டா?”

நான் தலையை இடமும் வலமும் ஆட்டினேன். பக்கத்து வீட்டுச் சமையலை என் சமையல் என்று வைத்துப் பெண் கட்டினால், பிறகு செல்வி அக்காவையும் கூட வைத்துக்கொண்டல்லவா குடித்தனம் நடத்தவேண்டும்? அந்த அத்தைக்கு நான் வாயால் பதில் சொல்ல முடியாது. கையால் சொல்லிவிடலாம். இந்த வீட்டில் அடுப்படிக்கு ஒரு ஆள் உண்டு, அது மாப்பிள்ளைதான் என்று ஒரு கிண்ணம் சாலட் சொல்லிவிடும். அப்படி முடிவு செய்தேன். வெட்கப்படுகிறவன் பிடிவாதம் பிடித்தால் அவனை அசைக்க முடியாது, ஏனென்றால் அவன் அதைப் பற்றி யாரிடமும் பேசவே மாட்டான்.

சனிக்கிழமை சாமான் எல்லாம் சேர்ந்துவிட்டது. அப்பா கமிட்டியிலிருந்து பொறுக்கி எடுத்த பச்சைப் பயறும் காராமணியும் கொண்டுவந்தார். ஒரு தெருவுக்கே சுண்டல் போடலாம். எல்லாவற்றையும் ஊறப்போட்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கொல்லைகளிலிருந்து வரும் பிஞ்சு வெள்ளரி, கெட்டித் தக்காளி, கேரட், வெங்காயம், வேரில் மண் ஒட்டிய கொத்தமல்லி, ஒரு கட்டுப் புதினா எல்லாம் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோழி கூவும்போதே எழுந்தேன். ஊறிய பயறில் பாதிதான் குண்டானில் பிடித்தது. அதை அடுப்பில் ஏற்றினேன். இங்கேதான் தொழில் மூளை முதல் வேலையைக் காட்டியது. எங்கள் பட்டறையில் பெரிய பாவம் அரைவேக்காடு. சூளையில் சரியாக வேகாத சரக்கைத் தட்டினால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எதையும் கொஞ்சம் கூடவே வேகவிடுவது எங்கள் பழக்கம். பயறையும் விட்டேன். அது வாயைப் பிளந்தது. பிறகு சட்டையைக் கழற்றியது. பிறகு ஆளே கரைய ஆரம்பித்தது. இறக்கும்போது பயறு பாதி, பசை பாதி.

“கொழஞ்சிடுச்சேடா,” என்றார் அப்பா.

“பெரியவருக்குப் பல்லுக்கு நல்லது,” என்றேன். (அப்பாகிட்ட மட்டும் எனக்கு நல்லா வாய் வரும்.)

அடுத்தது காய். பொம்மையின் ஓரத்தில் பிசிறு சீவுவதற்கு எங்களிடம் ஒரு மெல்லிய கத்தி உண்டு. புதுக்கத்தி ஒன்றை எடுத்துக் கழுவி (சத்தியமா கழுவினன்) காய்களில் பாதியை அரிந்தேன். ஒரு துண்டு பெரிசு, ஒரு துண்டு சின்னது என்ற பேச்சே கிடையாது. வெள்ளரித் துண்டும் கேரட் துண்டும் ஒரே மோல்டில் வார்த்த மாதிரி இருந்தன. பயறோடு கலந்து, மல்லி புதினா கிள்ளிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, உப்பையும் போட்டுக் கிளறி மூடிவைத்தேன். அவர்கள் வருவதோ மதியத்துக்கு மேல். கலவை எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவுக்கு ஒன்று சேரும், இதுவும் மண்ணுக்கு உள்ள விதிதான்.

மதியம் மூடியைத் திறந்தேன். கிண்ணத்தில் சாலட் இல்லை. ஒரு குளம் இருந்தது. உப்பு பட்ட வெள்ளரியும் தக்காளியும் தங்களிடம் இருந்த தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டு அதிலேயே நீந்திக்கொண்டிருந்தன. மேலே கொத்தமல்லி தாமரை இலை மாதிரி மிதந்தது.

அப்பா எட்டிப் பார்த்தார். “இது குடிக்கிறதாடா, திங்கிறதா?”

“திங்கிறது.”

“அப்ப அவருக்கு ஸ்பூனு குடுக்காத. வலையக் குடு.”

தண்ணீரை வடித்துக் கொட்டலாம். ஆனால் உப்பு, புளிப்பு, வாசனை எல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருந்தது. கையால் பிழியலாம். பிழிகிற நேரத்தில் அந்த அத்தை உள்ளே வந்தால்? கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தேன். அங்கே கயிற்றுக் கட்டிலில் புது மோல்டுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பட்டறைக் கூரை ஒழுகியதால் நான்தான் அவற்றை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன்.

மோல்டுகளைப் பார்த்தேன். கிண்ணத்தைப் பார்த்தேன். மறுபடி மோல்டுகளைப் பார்த்தேன்.

இந்த ஊரில் தண்ணீரை உறிஞ்ச இதைவிடச் சிறந்த சாமான் உண்டா? அதுவும் புத்தம் புதுசு, ஒரு சொட்டு மண் படாதது, எங்கள் வீட்டு எவர்சில்வரைவிடச் சுத்தம். கட்டிலில் கிடந்ததில் எது ஆழமானது என்று தேடினேன். கொலுவில் வைக்கும் மளிகைக் கடைக்காரர் பொம்மை இருக்கிறதே, சம்மணம் போட்டு, முறுக்கு மீசையோடு, வயிற்றைத் தொடையில் இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அதன் முன்பாதி மோல்டு அகப்பட்டது. மல்லாத்தி வைத்தால் வயிறு இருக்கிற இடம் நல்ல ஆழமான கிண்ணம்.

ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து, சாலட்டை அதில் அள்ளிப் போட்டு அமுக்கினேன். மேலே ஒரு தட்டு. தட்டின் மேல் அம்மிக் குழவி. சற்று நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் குளம் வற்றிவிட்டது! சொட்டு ஈரம் இல்லை! மதராஸ்காரனுக்கு இந்த யோசனை வருமா? என் வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக நான் நின்றது கிடையாது. இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்று மோல்டை அடுப்படியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அப்பாவின் குரல் கேட்டது.

“வாங்க சம்பந்தி! வாங்க வாங்க! உள்ள வாங்கம்மா!”

இன்னும் ஆமா இல்லை தெரியவில்லை, அதற்குள் சம்பந்தி. அப்பா அப்படித்தான். அரைகுறையாகத் துவட்டி, வேட்டியைச் சுற்றி, சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தேன். அதற்குள் அப்பா அடுப்படிக்குப் போய், குழவியையும் தட்டையும் எடுத்துவிட்டு, மோல்டின் மேல் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து, புட்டைத் தட்டுகிற மாதிரி ஒரே திருப்பாகத் திருப்பி, மோல்டைத் தூக்கியிருந்தார். என்ன வந்திருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் அப்படியே கொண்டுபோய் விருந்தாளிகள் முன்னால் வைத்துவிட்டார். (“மெட்ராஸ்ல இப்படித்தான் குடுப்பாங்க போலருக்குதுன்னு நெனச்சன்டா” என்று பிற்பாடு சொன்னார்.)

நான் கதவருகில் நின்று முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினேன்.

பெஞ்சில் பெண்ணின் அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பெண்ணாடத்தில் நான் அவருடைய கால் பெருவிரலைத் தவிர எதையும் பார்த்ததில்லை. இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறேன். முறுக்கு மீசை. சட்டையின் நடுப்பொத்தானை நிரந்தரமாக வேலையை விட்டு நிறுத்திவிட்ட வயிறு. அதைத் தொடையில் இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு எதிரே தாம்பாளத்தில் இன்னொருவர் மல்லாந்திருந்தார். அதே சம்மணம். அதே மீசை. அதே வயிறு. பச்சைப் பயறு நிறத்தில், தொப்புளில் ஒரு கேரட் துண்டோடு, மார்பில் கொத்தமல்லி முடியோடு.

சுவர்க்கடிகாரம் எங்கள் வீட்டில் இருந்திருந்தால் அதன் சத்தம் கேட்டிருக்கும். இல்லாததால் ஒன்றுமே கேட்கவில்லை.

அத்தைதான் முதலில் பேசியது. ஒல்லியான பெண்மணி, பார்வை மட்டும் பருமன்.

“அண்ணே. இது நீங்கதான?”

அவர் குனிந்து பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். மறுபடி தாம்பாளத்தைப் பார்த்தார். “அப்படித்தான் தெரியுது,” என்றார்.

அப்பா சமாளிக்கப் பார்த்தார். “சாப்புடுங்க சம்பந்தி. சாலட்டு. பையன் கையால செஞ்சது.”

“எங்கேருந்து ஆரம்பிக்கிறதுங்க?”

“தலையில கைய வைக்காதீங்கண்ணே,” என்றது அத்தை. “பாக்கவே ஒரு மாதிரி இருக்குது.”

அவர் நல்ல மனிதர். வந்த இடத்தில் வைத்ததை வேண்டாம் என்று சொல்லிப் பழக்கம் இல்லாதவர். ஸ்பூனை எடுத்து வயிற்றின் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி வாயில் போட்டார். மென்றார். மெல்வது மெதுவாயிற்று. நின்றது. மீசை ஓரத்தில், நான் பொய் சொல்லவில்லை, ஒரு சின்ன நுரை எட்டிப் பார்த்தது.

“தம்பி,” என்றார். “இது என்னா வாசன?”

“புதினாவா இருக்கும் சம்பந்தி,” என்றார் அப்பா.

“புதினா எனக்குத் தெரியும்ங்க. இது துணிக்குப் போடுறது.”

அந்த நொடியில் என் உச்சந்தலையில் சூளை திறந்தது. சோப்பு! மோல்டு செய்யும்போது மாதிரிப் பொம்மையின் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டுத்தான் சாந்தை ஊற்றுவோம். இல்லாவிட்டால் பொம்மையோடு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சோப்பு புது மோல்டின் உள்பக்கம் படிந்தே இருக்கும். ஈரத்துணியால் ஒரு துடைப்புக்கெல்லாம் போகாது. இது பட்டறையில் பெருக்குகிற ஆளுக்குக்கூடத் தெரியும். அந்தச் சோப்பைத்தான் நான் எலுமிச்சை ஊற்றி ஊறவைத்து, குழவி வைத்து அமுக்கி, பெண் கொடுக்க வந்தவருக்கு ஊட்டியிருக்கிறேன்.

அத்தை எழுந்தது.

“எந்திரிங்கண்ணே. பஸ்ஸப் புடிப்போம். உருவம் செஞ்சி வச்சிக் கிண்டல் பண்ணது போதாதுன்னு வாயையும் கழுவி வுடுறாங்க.”

பெண்ணின் அப்பாவும் எழுந்தார். கோபமாக இல்லை. வருத்தமாக எழுந்தார், அதுதான் என்னைக் கொன்றது. அப்பா “சம்பந்தி, சம்பந்தி” என்று பின்னாலேயே ஓடினார். பெண்ணின் அப்பா வாசலில் ஒரு செருப்பை மாட்டிவிட்டார். மற்றச் செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தார். அதையும் மாட்டிவிட்டால் தீர்ந்தது. கதவுக்குப் பின்னால் கேட்ட அந்தச் சிரிப்பு பெண்ணாடம் பஸ்ஸில் ஏறிப் போய்விடும். இனி அது வேறு எவன் வீட்டிலோ கேட்கும்.

என் வாய் எப்படித் திறந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

“மாமா.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாழ்நாள் முழுவதும் எதற்குப் பயந்தேனோ அது. காது இரண்டும் கொதித்தது. ஆனால் தொடங்கிவிட்டேன்.

“மாமா, அது புது மோல்டுங்க. புது மோல்டுல சோப்பு இருக்கும்ங்க. அதனால மொத பீசு எப்பவுமே ஆவாதுங்க. மொத பீசத் தூக்கிப் போட்டுருவோம்ங்க. மொதலாளி கூட அத வச்சி ஒருத்தன வேலைய வுட்டு நிறுத்த மாட்டாரு. ரெண்டாவது பீசுலேருந்துதாங்க சரக்கு. எனக்கு ஒரு பீசு... இன்னும் ஒரு பீசு போட வுடுங்க.”

மூச்சு வாங்கியது. அவர் ஒற்றைச் செருப்போடு நின்றார்.

“அப்ப அது என்னப் பாத்து செஞ்சது இல்ல?”

“உங்கள நான் பாத்ததே இல்லீங்க மாமா.”

“என்னா தம்பி, அன்னிக்கி எதிர்ல அவ்ளோ நேரம் உக்காந்திருந்தியே?”

“கால் பெருவெரல் மட்டுந்தாங்க பாத்தன்.”

அவர் குனிந்து தன் பெருவிரலைப் பார்க்க முயன்றார். வயிறு மறைத்தது. அதில்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது என்று நினைக்கிறேன். முதலில் மீசை ஆடியது, பிறகு தோள், பிறகு வயிறு முழுவதும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தை உதட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பியது. அங்கே செல்வி அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பேர் கண்ணும் சந்தித்ததும் அத்தைக்கும் உடைந்துவிட்டது.

“சரி,” என்று செருப்பைக் கழற்றினார் அவர். “ரெண்டாவது பீசப் போடு. பாப்போம்.”

நேராக அடுப்படிக்கே வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். குண்டானில் பிடிக்காமல் மிச்சம் வைத்த ஊறிய பயறு இருந்தது. ஏற்றினேன். இந்தத் தடவை அடுப்பை விட்டு நகரவில்லை. பயறு மலர்ந்ததும் வடித்துவிட்டேன், ஒன்று கூட உடையவில்லை. தட்டில் பரப்பி ஆறவைத்தேன். வெள்ளரியை அவர் கேட்டு வாங்கி அரிந்தார், ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு சாதி. தக்காளியில் விதைத் தண்ணீரைத் தள்ளிவிட்டு நறுக்கினேன். கேரட்டைத் துருவினேன். வெங்காயத்தை அத்தை எடுத்துக்கொண்டது. சிரித்ததற்கும் சேர்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. மல்லியையும் புதினாவையும் கையாலேயே கிள்ளிப் போட்டோம். நான் உப்பு டப்பாவைத் தொட்டபோது அத்தை என் கையைத் தட்டியது.

“இப்பவே போட்டா தண்ணி வுட்டுரும். திங்கும்போது போட்டாப் போதும். அவ்ளோ நேரம் உன் கை சும்மா இருக்காதா?”

கிண்ணத்தில்தான் வைத்தேன். சாதாரண, வட்டமான, மீசை இல்லாத கிண்ணம். எலுமிச்சை பிழிந்து, மேலே உப்பும் கொஞ்சம் மிளகுத் தூளும் தூவிக் கொடுத்தேன். அவர் ஒரு வாய் போட்டார். நான் அவர் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நுரை வரவில்லை. இன்னொரு வாய் போட்டார். பிறகு கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

“எப்படிம்மா இருக்குது?” என்று அத்தையைக் கேட்டார் அப்பா.

“ம். திங்கலாம்.” பிறகு என்னைப் பார்த்து, “பேசவும் வருது,” என்றது.

கிளம்பும்போது அவர் என் தோளில் கை வைத்தார். வரும்போது தம்பி என்றவர். “போயிட்டு வரேன் மாப்ள,” என்றார். அப்பா உடனே வாசலிலேயே முகூர்த்த மாதம் பேச ஆரம்பித்துவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பெண்ணாடத்தில் அவர் இந்தக் கதையைச் சொன்னாராம். மல்லிகா சிரித்த சிரிப்பில் புரையேறி, அத்தை முதுகில் குத்தி இறக்கவேண்டியதாயிற்றாம். “காபியக் கவுத்தப்பவே முடிவு பண்ணிட்டன்” என்று இப்போது சொல்கிறாள். நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்.

மோல்டைக் கழுவிக் காயவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் எலுமிச்சை சாந்தைத் தின்றுவிட்டிருந்தது. அதில் வார்த்த கடைக்காரர் எல்லாருக்கும் வயிற்றில் அம்மைத் தழும்பு மாதிரி சொரசொரப்பு. முதலாளி மோல்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். நான் என் கால் பெருவிரலைப் பார்த்தேன். விற்காத பொம்மைகளில் ஒன்றை வண்ணம் பூசி மாமனாருக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தேன். அவர் வீட்டு டிவி மேல் அது கடைசி வரைக்கும் இருந்தது. வந்தவர்கள் இது யார் என்று கேட்டால், “நான்தான். சாலட்டாப் பொறந்து பொம்மையானவன்” என்பார்.

எங்கள் குடும்பத்தில் தப்பு என்ற சொல் அன்றோடு ஒழிந்தது. கல்லில் ஒட்டிக்கொண்ட தோசை மொத பீசு. பரீட்சையில் பிள்ளைகள் கோட்டை விட்டால் மொத பீசு. மச்சான் வாங்கி மறுவாரமே நின்றுபோன மொபெட்டும் மொத பீசு. வீட்டில் சாலட் செய்வது இன்றும் நான்தான். மல்லிகா உப்பை மட்டும் தன் கையில் வைத்துக்கொள்வாள்.

போன தை மாதம் எங்கள் மகளுக்காக ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். பையன் தானே டீ போட்டுக் கொண்டுவந்தான். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, சுவரோடு சுவராக நின்று தரையைப் பார்த்தான். நான் ஒரு வாய் குடித்தேன். சர்க்கரைக்குப் பதில் உப்பு. என் பக்கத்தில் மச்சான் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான். பையனின் அம்மா ஒரு வாய் குடித்து முகம் வெளுத்துப்போனார்.

பெண்ணுக்கு அப்பன் நான். நான்தான் ஏதாவது சொல்லவேண்டும். என்ன சொல்லவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். என் வாழ்க்கையில் ஒரு வாக்கியத்தை அவ்வளவு தயாராக நான் வைத்திருந்ததே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காது கொதிக்க ஆரம்பித்தது.

“மொத பீசுதான தம்பி,” என்றாள் மல்லிகா. “ரெண்டாவது பீசு போடுங்க, இருந்து குடிச்சிட்டே போறோம்.”